மலையுச்சியில் ஹாம் ரேடியோ: ஏற்றுவதற்கு முன் இறக்கும் நேரத்தைக் கணக்கிடுங்கள்

வாசகர் கேள்வி - பதில்

சென்ற இதழில் ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலி பற்றி, அதாவது பரீட்சையில் சித்தியடைந்து அனுமதிப்பத்திரமும் அழைப்புக்குறியும் பெற்ற ஒருவர் வருமான நோக்கம் எதுவுமின்றித் தமது சொந்த நிலையத்திலிருந்து பிறருடன் பேசும் முறை பற்றி, எழுதியிருந்தேன். சிறிய செட் ஒன்றையும் கம்பி அன்ரெனாவையும் முதுகுப்பையில் போட்டுக்கொண்டு மலையேறிப் பேசுவோரும் உண்டு என்று அதில் எழுதிய ஒரு வரியே இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்தவற்றில் எட்டுக் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: ஐந்து வாற் கைச்செட்டினால் எங்கள் வீட்டு முற்றத்திலிருந்து ஆறேழு கிலோமீற்றருக்கு மேல் பேச முடியவில்லை. மலையில் ஏறினால் உண்மையில் எவ்வளவு தூரம் கூடும்? முதல் தடவைக்கு எந்த மலை நல்லது? (வாசகர், ஏறாவூர்)

செட்டின் சக்திக் குறைவு உங்களைத் தடுக்கவில்லை. பூமியின் வளைவே தடுக்கிறது. 144 மெகாஹேட்ஸ் பகுதியில், அதாவது இரண்டு மீற்றர் அலைவரிசையில், அலை ஏறக்குறைய நேர்கோட்டிலேயே செல்லும். வளிமண்டலம் அதைச் சற்றுக் கீழ்நோக்கி வளைப்பதால், கண்ணுக்குத் தெரியும் தொடுவானத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சத் தூரம் போகும். அன்ரெனாவின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் அந்தத் தூரம் கிலோமீற்றரில் கிடைத்துவிடும். முற்றத்தில் தலைமட்டத்தில் பிடித்த செட்டுக்கு இந்தக் கணக்கு ஐந்தரைக் கிலோமீற்றர் கூடத் தருவதில்லை. சுற்றியுள்ள நிலத்தைவிட 100 மீற்றர் உயர்ந்த பாறையில் அது 41 கிலோமீற்றர் ஆகிறது. 500 மீற்றரில் 92 கிலோமீற்றர் ஆகிறது. மறுமுனையில் இருப்பவர் 10 மீற்றர் கம்பத்தில் அன்ரெனா வைத்திருந்தால் அவருக்குரிய 13 கிலோமீற்றரையும் இதனுடன் கூட்டிக்கொள்ளலாம்.

உயரம் நான்கு மடங்கானாலும் தூரம் இரு மடங்குதான் ஆகிறது என்பதைக் கவனியுங்கள். ஆகவே சிறிய குன்றை அலட்சியப்படுத்த வேண்டியதில்லை. மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையின் வயல்வெளிக்கும் குளங்களுக்கும் நடுவே தனித்தனியே எழுந்து நிற்கும் பாறைக் குன்றுகள் இந்த வகையில் நமக்குக் கிடைத்த பெரும் வசதி. கிழக்கே கடல்வரை அவற்றை மறைக்க எதுவும் இல்லை. மேற்கே மட்டும் ஊவா மலைகளும் மலைநாடும் சுவர்போல எழுந்து நிற்கின்றன.

குடும்பிமலையின் உச்சி 500 மீற்றருக்குச் சற்று மேல் இருப்பதால் மட்டக்களப்பு நகரம், கல்முனை, திருகோணமலை ஆகியன எல்லாம் கணக்குப்படி அதன் எல்லைக்குள் வருகின்றன. அப்படியிருந்தும் முதல் தடவைக்கு அதை நான் சொல்லமாட்டேன். காட்டுப்பாதை நீண்டது, யானை நடமாட்டம் உள்ளது, வானம் இருண்டால் விரைந்து இறங்கவும் முடியாது. தாந்தாமலை போல ஆள் நடமாட்டமும் தெளிவான பாதையும் உள்ள ஓர் இடத்தில், திருவிழாக் காலத்தைத் தவிர்த்து, ஆலய நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டு தொடங்குவதே நல்லது. ஒரு மலையை அதன் உயரத்தைக் கொண்டு தெரிவு செய்வதிலும் பார்க்க, உச்சியிலிருந்து பாதுகாப்பான இடத்துக்கு வந்து சேர எடுக்கும் நேரத்தைக் கொண்டு தெரிவு செய்யுங்கள். கீழே வரும் பதில்கள் பலவற்றுக்கும் இந்த நேரமே அடிப்படை.

ஒரு சிறு குறிப்பு. 2002 மார்ச்சில் பிரித்தானியாவில் தொடங்கி இன்று பல நாடுகளில் நடைபெறும் 'சமிற்ஸ் ஒன் த எயார்' என்ற மலையுச்சி வானொலித் திட்டத்தின் விதிப்படி, உச்சியிலிருந்து செங்குத்தாக 25 மீற்றருக்குள் எங்கே இருந்து பேசினாலும் அது உச்சியில் பேசியதாகவே கொள்ளப்படும். மிக உயர்ந்த கல்லின் மேல்தான் உட்கார வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. காற்றுப் படாத பக்கத்தில் சற்றுக் கீழே அமருங்கள்.

கேள்வி: நாங்கள் மூவர் ஓகஸ்ட் மாதப் பிற்பகல் ஒன்றில் பாறை மலையொன்றின் மேல் 7 மெகாஹேட்ஸில் கேட்டுக்கொண்டிருந்தோம். தலைக்கு மேல் கருமுகில் வந்திருந்தது; மழையும் இல்லை, மின்னலும் இல்லை. திடீரென இரைச்சல் 'ஸ்ஸ்' என்று ஏறத் தொடங்கியது. கேபிளைக் கழற்றிய தம்பிக்கு அதன் முனை 'சுள்' என்று அடித்தது. செட்டில் ஏதும் கோளாறா? (வாசகர், கிரான்)

செட்டில் கோளாறு எதுவும் இல்லை. நீங்கள் மூவரும் அன்று மின்னலுக்கு மிக அருகில் இருந்திருக்கிறீர்கள். வந்த கடிதங்களில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது இதுதான், ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

இடிமுகில் மேலே வந்து நிற்கும்போது அதற்கும் நிலத்துக்கும் இடையிலான மின்புலம் பெருகுகிறது. சுற்றாடலில் உயர்ந்து, கூர்மையாக நிற்கும் எதன் முனையிலிருந்தும் அப்போது மின்னேற்றம் கசியத் தொடங்கும். உங்கள் அன்ரெனாக் கம்பி அப்படியான ஒன்று. அந்தக் கசிவே ஒலிபெருக்கியில் தொடர்ச்சியான 'ஸ்ஸ்' ஆகக் கேட்டது. நிலத்துடன் தொடர்பில்லாத கம்பியில் சேர்ந்த மின்னேற்றமே கேபிளின் நடு ஊசி வழியாகத் தம்பியின் விரலில் பாய்ந்தது. இப்படியான வேளையில் கழற்றிய கேபிளின் நடு ஊசிக்கும் வெளிவளையத்துக்கும் இடையே 'டிக், டிக்' என்று சிறு பொறி தாவுவதையும் காணலாம். தலைமயிர் சிலிர்த்து எழுவதும், இரும்புக் கம்பியொன்று மெல்ல இரைவதும் இதே வகையைச் சேர்ந்தவை. இவற்றில் எதைக் கண்டாலும், கேட்டாலும், அன்ரெனாவை இறக்க முனைய வேண்டாம். கம்பியையோ கம்பத்தையோ தொடாமல், எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு இறங்குங்கள். செட்டைப் பிறகு வந்து எடுக்கலாம், போனாலும் வேறொன்று வாங்கலாம்.

7 மெகாஹேட்ஸில் கேட்கும் இரைச்சல்களை வேறுபடுத்திக் கேட்கப் பழகுவது மலையேறுவோருக்கு இன்றியமையாதது. தனித்தனியே 'படார்', 'கிறீச்' என்று வந்து மறைவன, நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் நிகழும் மின்னலாகவும் இருக்கலாம். அவை இருக்கின்றன என்பதற்காக மாத்திரம் ஓட வேண்டியதில்லை, ஆனால் அரைமணிக்கு அரைமணி அவை நெருக்கமாகவும் பலமாகவும் ஆகின்றனவா என்று கவனிக்க வேண்டும். இடைவெளியின்றி ஏறிக்கொண்டே போகும் இரைச்சல் மேலே சொன்ன கசிவு. அதற்கு இரண்டாவது எச்சரிக்கை கிடைக்காது. இரண்டு மீற்றர் எஃப்.எம். கைச்செட்டில் இவை இரண்டுமே பெரும்பாலும் காதில் விழாது என்பதால், கைச்செட் மாத்திரம் கொண்டு செல்வோர் மத்திய அலை பிடிக்கும் ஒரு சிறிய வானொலிப் பெட்டியையும் உடன் எடுத்துச் செல்வது நல்லது.

மின்னல் கண்ணில் பட்டால், இடி கேட்கும்வரை எண்ணுங்கள். ஒலி ஒரு கிலோமீற்றர் வர ஏறக்குறைய மூன்று செக்கன் எடுக்கும். முப்பது செக்கனுக்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீற்றருக்குள் நிற்கிறது, அடுத்தது உங்கள் மலையில் விழலாம். ஆனால் நான் முப்பது செக்கன் வரை காத்திருக்கச் சொல்லவில்லை. முதல் இடி காதில் விழுந்ததுமே இறக்கத் தொடங்குங்கள். கம்பத்தை இறக்கிச் சுருட்ட ஐந்து நிமிடம், மலையடிக்கு வர இருபது நிமிடம் என்றால், உங்களுக்கு இருபத்தைந்து நிமிட முன்னறிவிப்பு வேண்டும். இடிமுகில் அதைவிட விரைவாக நகர்ந்து வரக்கூடியது. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழியும்வரை மீண்டும் மேலே ஏறக்கூடாது.

இறங்கும் வழியில் பாறைப் படிகளின் பக்கத்தில் உள்ள இரும்புக் கைப்பிடியையும் சங்கிலியையும் பிடிக்காதீர்கள். தனித்து நிற்கும் பாலை மரத்தின் கீழும், பாறைக் குகையின் வாயிலிலும் ஒதுங்க வேண்டாம். ஈரப்பாறையின் மேற்பரப்பு வழியே மின்னோட்டம் பரவி, குகை வாயிலில் நிற்பவர் ஊடாகத் தாவக்கூடும். கண்ணாடிகளை மூடிய கார் அல்லது வான் பாதுகாப்பானது, முச்சக்கரவண்டியும் மோட்டார் சைக்கிளும் அல்ல. வெட்டவெளியில் அகப்பட்டுக்கொண்டால் ஒருவரையொருவர் விட்டு இருபது மீற்றர் அளவில் விலகி, பாதங்களைச் சேர்த்துக் குந்தியிருங்கள். விலகச் சொல்வது, ஒருவர் தாக்கப்பட்டாலும் மற்றவர் உதவக்கூடியவராக இருக்க வேண்டும் என்பதற்காகவே. மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்கியிருப்பதில்லை. அவரைத் தயங்காமல் தொட்டு, மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கி, 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.

நீங்கள் ஓகஸ்ட் என்று எழுதியிருப்பதும் முக்கியமானது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பருவப்பெயர்ச்சி இடைக்கால இடிமழை வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் எவரும் இடியை எதிர்பார்ப்பதில்லை. ஆனால் அந்த மாதங்களிலும் ஊவா மலைப்பக்கம் பிற்பகலில் திரளும் முகில் மேல்காற்றோடு கிழக்கே வந்து அம்பாறையிலும் படுவான்கரையிலும் கொட்டுவது உண்டு. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையில் நாம் அடிக்கடி கேட்கும் 'பிற்பகல் 2 மணிக்குப் பின்னர்' என்ற தொடரை மலையேறும் நாளின் நேரசூசியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் ஏறி, காலை ஏழு மணிக்கு அன்ரெனாவை நிறுத்தி, பதினொரு மணிக்கு இறக்கிவிட்டால், கடலோரத்திலிருந்து பார்க்கும்போது மேற்கு வானம் கறுக்கத் தொடங்கும் நேரத்தில் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள்.

கேள்வி: மொட்டைப் பாறையில் முளை அடிக்க முடியாது. கச்சான் அடிக்கும் காலத்தில் கம்பத்தை எப்படி நிறுத்துவது? பாறையில் துளையிட்டு ஓர் இரும்பு வளையம் பொருத்தலாமா? (வாசகர், களுவாஞ்சிக்குடி)

துளையிடக் கூடாது. நமது பகுதிக் குன்றுகளில் பழைய கல்வெட்டுகளும் கட்டட இடிபாடுகளும் கொண்டவை பல; அவை தொல்பொருள் சட்டத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டவை. இடிபாட்டின் செங்கல்லையோ செதுக்கிய கல்லையோ பாரமாக எடுத்து வைப்பதும் தவறு.

உரப்பை மூன்று போதும். வெறும் பையாக மடித்து எடுத்துச் சென்று, மலைச்சரிவில் கிடக்கும் சாதாரணக் கற்களை நிரப்பி, வாயைக் கட்டி, கயிற்றை அந்தக் கட்டில் முடியுங்கள். கம்பத்தைச் சுற்றி மூன்று திசையில் சம இடைவெளியில் பைகளை வைத்து, கம்பத்தின் அரைவாசி உயரத்துக்குச் சற்றுக் கீழே, தடித்த பகுதியில், கயிற்றைக் கட்ட வேண்டும். மெல்லிய நுனியில் கட்டினால் காற்று கம்பத்தை வில்லாக வளைத்து முறித்துவிடும். ஒன்றுக்குள் ஒன்று செருகும் ஆறு அல்லது ஏழு மீற்றர் ஃபைபர்கிளாஸ் கம்பத்தின் உச்சியில் கம்பியின் நடுவைத் தொங்கவிட்டு, இரு கைகளையும் சரிவாக இறக்கிக் கட்டும் கவிழ்ந்த 'வி' வடிவமே காற்றுக்கு ஏற்றது. கம்பியின் இரு கைகளே இரண்டு இழுகயிறுகளுக்குத் துணையாக நிற்கும். 143 ஐ மெகாஹேட்ஸால் வகுத்தால் முழுநீளம் மீற்றரில் வரும்: 14.2 மெகாஹேட்ஸுக்கு ஏறக்குறைய 10.07 மீற்றர், கை ஒன்றுக்கு ஐந்து மீற்றருக்குச் சற்று மேல். கொஞ்சம் நீளமாக வெட்டி, மலையில் நிறுத்திப் பார்த்த பிறகே குறையுங்கள்.

மீன்பிடித் தடிகளில் கார்பன் ஃபைபரால் செய்தவை மின்கடத்தும் என்பதால் அவை இதற்கு ஆகா. ஆலயம் உள்ள குன்றுகளுக்கு மின்கம்பி செல்வது வழக்கம். கம்பத்தின் நீளத்தைப் போல இரு மடங்குக்குக் குறையாமல் அதிலிருந்து விலகியே நிறுத்துங்கள்.

செருகுக் கம்பத்தின் மூட்டுகளில் மணல் புகுந்தால் இறுகிக்கொள்ளும். ஏற்றும்போது நுனியிலிருந்தும், இறக்கும்போது அடியிலிருந்தும் தொடங்கினால் இலகு. இதை வீட்டு முற்றத்தில், கையில் கடிகாரத்துடன், பழகிக்கொள்ளுங்கள். ஏற்ற அரைமணி நேரம் எடுத்தாலும் பரவாயில்லை. இறக்க ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுக்கும் எந்த அமைப்பையும், அது எவ்வளவு தூரம் பேசினாலும், மலைக்குக் கொண்டு போகாதீர்கள். பல குறுக்குத் தண்டுகளைப் பொருத்தி ஒரே திசையை நோக்கிப் பேசும் யாகி அன்ரெனாவை விட ஒற்றைக் கம்பியை நான் விரும்புவது இதனால்தான்.

கேள்வி: மழையில் நனைந்த பிறகு என் அன்ரெனா முன்போல வேலை செய்வதில்லை. ஏன்? (வாசகி, கல்முனை)

வெறும் கம்பி நனைவதால் பெரிய கெடுதி இல்லை. அது ஒத்திசையும் அதிர்வெண் சற்றுக் கீழே இறங்கும், காய்ந்ததும் திரும்பிவிடும். திரும்பவில்லை என்றால் அன்ரெனாவைச் செட்டுடன் இணைக்கும் கோக்ஸ் கேபிளுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பி.எல்.-259 முனை நீர் புகாதது அல்ல. அதன் வழியே உள்ளே போகும் நீர், பின்னற் செப்புக் கம்பியில் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல மீற்றர் கணக்கில் ஊறிச் செல்லும். கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் சில மாதங்களில் செம்பு கறுத்துவிடும். கேபிளின் முனையில் அரை மீற்றர் வெட்டிப் பாருங்கள். கறுப்பு அதற்கு மேலும் தொடர்ந்தால் கேபிளை மாற்றுவதே வழி.

இனிமேல், முனையை இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டும் இறப்பர் நாடாவால் மூடுங்கள். செட்டுக்கு வருமுன் கேபிளைக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் வழிந்து வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும். செட் நனைந்துவிட்டால் பற்றரியை உடனே கழற்றி, முழுதாக உலரும்வரை இயக்கிப் பார்க்கும் ஆவலை அடக்க வேண்டும். நீரைவிட, நீரோடு சேர்ந்த மின்சாரமே உள்ளே கேட்டைச் செய்கிறது. யாருடன், எப்போது பேசினீர்கள் என்று குறிக்கும் பதிவேட்டை, நனைந்தாலும் அழியாதபடி, பென்சிலால் எழுதுங்கள்.

கேள்வி: அரைநாள் பேச எந்தப் பற்றரி போதும்? (வாசகர், அம்பாறை)

யேசு (Yaesu) நிறுவனத்தின் எஃப்.டி.-818 போன்ற ஐந்து வாற் வகைச் செட் கேட்கும்போது சுமார் 0.4 அம்பியரும் பேசும்போது சுமார் 2 அம்பியரும் எடுக்கும். நேரத்தில் கால்வாசி பேசுவதாகக் கொண்டால் சராசரி 0.8 அம்பியர். 6 அம்பியர்-மணி லிதியம் இரும்புப் பொஸ்பேற்றுப் பற்றரி ஒன்று ஆறு மணித்தியாலத்துக்குத் தாராளமாகப் போதும், நிறையும் முக்கால் கிலோ அளவுதான். யு.பி.எஸ். பெட்டியில் வரும் 7 அம்பியர்-மணி ஈயப் பற்றரி இரண்டு கிலோவுக்கு மேல் நிறை உள்ளது. அதில் பாதியளவு மாத்திரமே பயன்படுத்தினால்தான் நீடிக்கும். நமது பாறைகளின் சூடு பற்றரிக்கும் செட்டுக்கும் ஆகாது. வெள்ளைத் துணியொன்றைப் பந்தலாகக் கட்டி, இரண்டையும் பாறையில் படாமல் பையின் மேல் வையுங்கள்.

கேள்வி: மலைமேல் செட்டோடு இருந்தால் பாதுகாப்புத் தரப்பினர் சந்தேகப்படமாட்டார்களா? என்ன ஆவணங்கள் தேவை? (வாசகர், திருக்கோவில்)

சந்தேகம் வருவது இயல்பு. கிழக்கில் அன்ரெனாவும் கையில் செட்டுமாக மலைமேல் தெரியும் மனிதரைப் பற்றி ஊரார் அறிவிக்கத்தான் செய்வார்கள். நமது மண்ணின் கடந்த காலத்தை அறிந்த எவரும் அதைக் குறையாகச் சொல்ல முடியாது. ஆகவே அவர்களுக்கு முன்கூட்டியே தெரியப்படுத்துவது நமது கடமை.

1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ், இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அமெச்சூர் அலைவரிசையில் ஒலிபரப்பக் கூடாது. செட்டை வெளிநாட்டிலிருந்து தருவிப்பதற்கும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். பாவோஃபெங் போன்ற மலிவான கைச்செட்டும் இதற்கு விலக்கல்ல. வீட்டு முகவரிக்கு வெளியே இயக்குவது பற்றி உங்கள் பத்திரத்தில் உள்ள நிபந்தனையை வாசித்து, தெளிவில்லை என்றால் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். பிறகு மலை யாருக்குரியது என்று பாருங்கள்: வன பரிபாலனத் திணைக்களமா, வனசீவராசிகள் திணைக்களமா, தொல்பொருள் திணைக்களமா, ஆலயமா, விகாரையா என்பதைப் பொறுத்து அனுமதி கேட்க வேண்டும். உகந்தை போன்ற வழிபாட்டிடங்களில் வழிபட வந்தவர்களின் அமைதியே முதன்மையானது. இதற்குப் பிறகு, கிராம உத்தியோகத்தருக்கும் அண்மையிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கும் பெயர், நாள், நேரம், அழைப்புக்குறி ஆகியவற்றை எழுதி ஒரு கடிதம் கொடுத்து, அதன் பிரதியை அனுமதிப்பத்திரப் பிரதியோடு பையில் வையுங்கள்.

கடிதத்தில் திரும்பும் நேரத்தையும் எழுதுங்கள். நீங்கள் வராவிட்டால் தேடவேண்டியவர்கள் அவர்கள்தான். படுவான்கரையின் மேற்குப் பக்கத்திலும் அம்பாறையின் காட்டோரங்களிலும் யானைகள் அந்திப் பொழுதில் குளங்களுக்கும் வயல்களுக்கும் இறங்குகின்றன. இடி இல்லாத நாளிலும் வெயில் சாயுமுன் பிரதான வீதிக்கு வந்துவிட வேண்டும் என்பதற்கு அது ஒன்றே போதிய காரணம்.

கேள்வி: சில அமைதியான காலைகளில் இரண்டு மீற்றரில் மிகத் தொலைவான நிலையங்கள் கேட்கின்றன, காற்று எழுந்ததும் மறைந்துவிடுகின்றன. இதற்கும் வானிலைக்கும் தொடர்பு உண்டா? (வாசகர், அக்கரைப்பற்று)

நேரடியான தொடர்பு உண்டு. வழமையாக மேலே போகப் போக வளி குளிர்ச்சியாகும். காற்றில்லாத தெளிந்த இரவில் நிலம் விரைந்து குளிர்வதால், அல்லது வெப்பமான உலர்ந்த வளி ஈரமான கடல்வளியின் மேல் படர்வதால், சில நூறு மீற்றர் உயரத்தில் இந்த ஒழுங்கு தலைகீழாகும். அந்தப் படை, இரண்டு மீற்றர் அலையைத் தப்பவிடாமல் பூமியின் வளைவோடு கூட்டிச் செல்லும்; கடலின் மேல் இப்படி நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் போவதும் உண்டு. வெயில் ஏறி நிலம் சூடாகி வளி கலங்கியதும், அல்லது காற்று எழுந்ததும், படை கலைந்துவிடும்.

இதில் மலையேறுவோர் அறியவேண்டிய ஒன்று உண்டு. அந்தப் படைக்கு மேலே நீங்கள் நின்றால் கடற்கரையில் இருப்பவருக்குக் கேட்பது உங்களுக்குக் கேட்காமல் போகலாம். பள்ளத்தில் வெண்பனி படிந்து உச்சி தெளிவாக இருக்கும் காலையில், உச்சியில் ஒன்றும் கேட்கவில்லை என்றால், பாதிவழி இறங்கி முயன்று பாருங்கள். மழையைப் பொறுத்தவரை, இரண்டு மீற்றர் அலையை அது குறிப்பிடத்தக்க அளவு தடுப்பதில்லை. மழைத்துளியால் அலை நலிவது பத்து கிகாஹேட்ஸுக்கு மேல்தான் பெரிதாகிறது.

கேள்வி: 1978 சூறாவளியைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அப்படி ஒன்று வந்தால், மலையில் நிலையம் அமைத்துக் கொழும்புடன் தொடர்பு ஏற்படுத்த இப்போதே பழக விரும்புகிறேன். எந்த மலை பொருத்தம்? (வாசகர், வாழைச்சேனை)

உங்கள் எண்ணத்தை மனதார மதிக்கிறேன். ஆனால் 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைச் சிதைத்தது போன்ற காற்றில் எந்த மலையிலும் மனிதர் நிற்க முடியாது, நிற்கவும் தேவையில்லை. மட்டக்களப்பிலிருந்து கொழும்பு நேர்கோட்டில் ஏறக்குறைய 220 கிலோமீற்றர். இடையே நக்கிள்ஸ் மலைத்தொடரும் மலைநாடும் நிற்பதால், நம் மாவட்டத்தின் எந்தக் குன்றில் ஏறினாலும் இரண்டு மீற்றரில் நேரடியாக அங்கே போய்ச் சேர்வது கடினம். அதே மலைநாட்டைத் தாண்ட 7 மெகாஹேட்ஸுக்கு உயரமே வேண்டாம். அந்த அலைவரிசைக்குரிய 20.3 மீற்றர் கம்பியை நிலத்திலிருந்து ஐந்து, ஆறு மீற்றர் உயரத்தில் மாத்திரம் கட்டினால், அலை ஏறக்குறையச் செங்குத்தாக மேலே சென்று அயனி மண்டலத்தில் திரும்பி, சுற்றிலும் முந்நூறு, நானூறு கிலோமீற்றருக்குப் பொழியும். மலைகள் அதற்குத் தடையாக இருப்பதில்லை. பகலில் இது நம்பகமானது. இரவு முதிர்ந்தபின் இந்த அலைவரிசை தளர்ந்தால் 3.5 மெகாஹேட்ஸுக்கு இறங்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, தொலைபேசி செயலிழந்திருந்த அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே நம் நாட்டு ஹாம் இயக்குநர்கள் ஏற்படுத்திய தொடர்பும் எச்.எஃப். எனப்படும் இந்தக் குறும்அலை வழியானதுதான்.

ஆகவே பாடசாலை, மண்டபம் போன்ற உறுதியான கட்டடம் ஒன்றையே உங்கள் நிலையமாகத் தெரிவு செய்யுங்கள். சூறாவளி எச்சரிக்கை வந்ததும் கம்பியை இறக்கிச் சுருட்டி, செட்டையும் பற்றரியையும் நீர் புகாத வாளியொன்றில் மூடி வையுங்கள். காற்று ஓய்ந்து, இடியும் நின்ற பின், முறிந்த மரங்களுக்கு இடையிலும் தாழ்வாக அதைக் கட்டிவிடலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தையும், மாவட்டச் செயலகத்தில் இதற்குப் பொறுப்பானவரின் தொடர்பையும் தாளில் எழுதி அதே வாளியில் வையுங்கள்.

மலையில் பழகுவதை விட வேண்டாம். கையில் உள்ளதை மட்டும் கொண்டு விரைவாக நிறுத்தவும் இறக்கவும் அங்கேதான் கை பழகும். வடகீழ்ப் பருவம் தொடங்குமுன், ஒக்டோபர் மாத ஞாயிற்றுக்கிழமைகளில், காலை 9 மணிக்கு மலையிலிருந்தும், நண்பகலில் கீழே உங்கள் கட்டடத்திலிருந்தும் கொழும்பிலுள்ள ஒருவருடன் 7 மெகாஹேட்ஸில் பேசிப் பார்த்து, கம்பி எந்த உயரத்தில் இருந்தபோது, எந்த நேரத்தில், எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்பதைப் பதிவேட்டில் குறித்து வாருங்கள்.